தானம் கொடுக்குற மாட்டோட பல்லு

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அது ஒரு காரணம். இன்னொரு காரணம் மந்தைவெளியில எங்க வீட்டு கார் ஷெட்டில் நின்னுட்டிருந்த அப்பாவோட மாருதி 800. அதை தர்மத்துக்குக் கொடுக்கப் போய் நான் வாங்கின பல்புதான் இன்னிக்குப் பதிவு.

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

1998-ல அப்பா வாங்கின வண்டி. வெள்ளைக் கலர். தி.நகர்ல ஒரு பேங்க் கிளையில வேலை பார்த்துட்டிருந்தார். லோன் போட்டு வாங்கினாலும் ஆபீசுக்கு என்னவோ பஸ்லதான் போவார். கார் எதுக்குன்னா கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு, சனிக்கிழமை சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுக்கு. பனகல் பார்க் பக்கம் தீபாவளி நேரத்துல காரை எடுத்துட்டுப் போறவன் மூளையில்லாதவன்னு அடிக்கடி சொல்வார். ஆயுத பூஜைக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு, ஷெட்டுலேர்ந்து தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பி வருவார். முன்சீட்ல அம்மா, பின்னாடி நானும் தம்பியும்.

வண்டிக்குள்ள ஒரு சின்ன டைரி இருக்கும். என்னிக்கு, எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய், கிலோமீட்டர் எவ்வளவு, எல்லாம் அதுல ஏறிடும். கடைசிப் பக்கங்கள்ல புகைப் பரிசோதனைச் சீட்டையெல்லாம் தேதி வாரியா பின் பண்ணி வெச்சிருப்பார். பேங்க்காரர் இல்லையா!

2010 ஏப்ரல்ல பாரத் ஸ்டேஜ் 4 விதி வந்தப்போ சென்னை உட்பட பெரிய ஊர்கள்ல புது 800 விக்கறதை நிறுத்தினாங்க. 2014 ஜனவரியில உற்பத்தியே நின்னுபோச்சு. "இனிமே நம்மளுது ஆன்டிக்குடா"ன்னு அப்பா அன்னிக்கு சந்தோஷமா சொன்னார். 2013-ல 15 வருஷம் முடிஞ்சு முதல் தடவை பதிவைப் புதுப்பிச்சார். அப்புறம் 2018-ல இன்னொரு அஞ்சு வருஷம். 2021-ல அப்பா போயிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கடைசியா அவரைக் கூட்டிட்டுப் போனதும் இதே வண்டிதான்.

படிவம் 31 கொடுத்து ஆர்.சி.யை அம்மா பேருக்கு மாத்தினோம். 2023-ல 5,000 ரூபாய் கட்டணம் கட்டி மறுபடி புதுப்பிச்சேன். யாரும் ஓட்டறதில்ல. எனக்கு மெட்ரோவும் ஆட்டோவும் போதும். ஆனாலும் பேட்டரி செத்துடக் கூடாதேன்னு ஞாயித்துக்கிழமை காலையில ஷெட்டிலேயே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவேன். நான் சாவியை எடுத்தாலே அம்மா சமையல்கட்டு ஜன்னலைச் சாத்திடுவாங்க. சத்தம் பிடிக்கல போலன்னு நினைச்சுப்பேன்.

*

போன ஆவணியில புகைச் சான்றிதழ் காலாவதி ஆகுதுன்னு ஒரு பரிசோதனை மையத்துக்கு எடுத்துட்டுப் போனேன். பையன் சைலன்ஸர்ல குழாயைச் சொருகினான், திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"சார், சி.ஓ. 4.8 காட்டுது. ஹெச்.சி. ரெண்டாயிரத்தைத் தாண்டுது. ஃபெயில்."

விவரம் தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பாரத் ஸ்டேஜ் 2-க்கு முன்னாடி வந்த பெட்ரோல் காருக்குச் சட்டம் கொஞ்சம் கருணை காட்டுது. ஐட்லிங்ல வர்ற புகையில கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரைக்கும், எரியாத ஹைட்ரோகார்பன் பத்து லட்சத்துல 1,500 பங்கு வரைக்கும் இருக்கலாம். அதுக்கப்புறம் வந்த வண்டிகளுக்கு வரம்பு இதை விட ரொம்பக் கம்மி. அதாவது கிழவனுக்குன்னு போட்ட சலுகைக் கோட்டையே எங்க கிழவன் தாண்டிட்டான்.

ராயப்பேட்டையில எங்க மெக்கானிக் பாய் பானெட்டைத் திறந்து பார்த்தார். கார்புரேட்டர் வண்டி. காத்தும் பெட்ரோலும் சரியான அளவுல கலக்கணும். பெட்ரோல் அதிகமாப் போனா முழுசா எரியாது, அதுதான் கார்பன் மோனாக்சைடு. பிளக்கும் ரிங்கும் தேய்ஞ்சா எரியாத பெட்ரோலே பின்னாடி வந்துடும், அது ஹைட்ரோகார்பன். 1995-லேர்ந்து சென்னை மாதிரி பெருநகரங்கள்ல விக்கற புது பெட்ரோல் காருக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயம். எங்க வண்டியிலயும் இருக்கு, ஆனா அது எப்பவோ செத்துப்போச்சாம்.

"கரும்புகையே வரலையே பாய்?"

"கண்ணுல தெரிஞ்சா பரவால்லயே சார். இது தெரியாது, வாசனையும் கிடையாது."

படிச்சது ஞாபகம் வந்தது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். பிராணவாயு உட்கார வேண்டிய சீட்ல துண்டு போட்டு உட்கார்ந்துக்கற ஆள்.

எல்லாத்தையும் மாத்த பாய் சொன்ன செலவு வண்டி விலையை விட ஜாஸ்தி. "டெஸ்டுக்கு மட்டும் காத்தைக் கூட்டி வெச்சுத் தரேன், முடிஞ்சதும் பழையபடி மாத்திக்கலாம்"னார். எனக்கு ஆசைதான். 2023-ல அப்படித்தான் தேத்தினோம்.

அன்னிக்கு ராத்திரி அப்பாவோட டைரியைப் புரட்டினேன். 2006-ல 1.1. 2012-ல 1.9. 2017-ல 2.6. ஒருத்தரோட பி.பி. சார்ட் மாதிரி மெதுவா ஏறிட்டே வருது. ரெண்டு மூணு இடத்துல பக்கத்துலயே அப்பா கையெழுத்துல "கார்புரேட்டர் க்ளீன்". 2019-லேர்ந்து பார்த்தா வரிசையா நாலு சீட்டு, நாலுலயும் 0.9. ஒரு புள்ளி கூட மாறல. வயசாக ஆக வண்டி வாலிபன் ஆயிருக்கு!

அந்த நாலு சீட்டும் நான் வாங்கினது. அப்பாவுக்கு உடம்பு முடியாத காலம். வண்டியைக் கொண்டு போகாம, ஒரு இடத்துல நம்பரைச் சொல்லிக் காசைக் கொடுத்து வாங்கிட்டு வந்து அவர்கிட்ட நீட்டினேன். அதையும் நம்பி ஒழுங்கா பின் பண்ணி வெச்சிருக்கார் மனுஷன். தெரிஞ்சேதான் வெச்சாரோ என்னவோ, கேட்க இப்ப ஆள் இல்ல.

*

ஞாயித்துக்கிழமை தம்பி போன்ல வந்தான். கலிஃபோர்னியாவில இருக்கான். "அண்ணா, இதுக்குப் போய் ஏன் இவ்ளோ யோசிக்கிற? இங்கெல்லாம் தர்மத்துக்குக் கொடுத்துடுவோம்."

அவனோட பழைய டொயோட்டா அங்க புகைச் சோதனையில ஃபெயில் ஆனப்போ ஒரு அறக்கட்டளைக்கு போன் பண்ணியிருக்கான். அவங்களே வந்து கட்டி இழுத்துட்டுப் போயிட்டாங்க. கொஞ்ச நாள்ல வீட்டுக்கு ரசீது வந்தது, வருமான வரியில கழிவும் கிடைச்சது.

கேட்டதும் எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சது. (வாங்கின பல்பு இது இல்ல, அது பின்னாடி வருது.) அம்மாவுக்கு வண்டியை வெட்டறதுங்கற பேச்சே பிடிக்கல. "அப்பா உட்கார்ந்த சீட்டுடா"ன்னு ஒரு தடவை சொன்னாங்க, அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கல. தானமாக் கொடுத்தா வெட்ட வேண்டாம். நல்ல காரியம் பண்ணின திருப்தியும் இருக்கும். 80ஜி ரசீது ஒண்ணு தேறினா அதையும் ஏன் விடணும்?

அம்மாவுக்கும் சம்மதம். "யாராவது வயசானவங்களுக்குப் பயன்பட்டா அப்பாவுக்குப் போய்ச் சேரும்"னாங்க. தங்கமணி மட்டும் "டெஸ்ட்ல ஃபெயிலானதைச் சொல்லித்தானே கொடுக்கப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. "ஆமா ஆமா"ன்னு சொல்லிட்டு எஸ்கேப்.

அடையாறு பக்கம் ஒரு முதியோர் இல்லம். வருஷா வருஷம் அப்பா பிறந்தநாளுக்கு ஒரு வேளை சாப்பாடு கொடுக்கற இடம்தான். நிர்வாகம் பார்க்கறவங்க ஒரு அம்மா. காபி கொடுத்து உட்கார வெச்சு, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாக் கேட்டாங்க. டெஸ்ட்ல ஃபெயில் ஆனதையும் சொன்னேன், "ஒரு சின்ன ட்யூனிங் வேலை இருக்கு"ன்னு.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். ஒரு நிமிஷம் வாங்க"ன்னு எழுந்தாங்க.

பின்பக்கம் ஒரு அறை. பூட்டைத் திறந்தாங்க. டப்பா டிவி நாலு. பழைய கம்ப்யூட்டர் மானிட்டர், அடுக்கி வெச்சிருக்கு. கால் உடைஞ்ச வீல்சேர். ஒரு மூலையில மூட்டை மூட்டையாத் துணி.

"அந்த மூட்டை 2015 வெள்ளத்தப்போ வந்தது சார். உதறித் துடைக்கக்கூட ஆகாத துணி. கொடுத்தவங்களை வேண்டாம்னு சொல்ல முடியல, அவங்க நல்ல மனசோடதான் கொடுத்தாங்க. இதையெல்லாம் வெளியேத்தறதுக்கு நாங்க செலவு பண்ணணும். அது யாருக்கும் தோணறதில்ல."

அப்புறம் விரல்விட்டு எண்ணினாங்க. டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், பெட்ரோல், ரிப்பேர், 2028-ல திரும்பவும் பதிவு. 20 வருஷம் தாண்டின காருக்கு அந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்கன்னு எனக்கே அவங்க சொல்லித்தான் தெரியும்.

"எல்லாத்தையும் விடுங்க சார். எங்ககிட்ட இழுப்பு இருக்கற பாட்டிங்க ஆறு பேரு. புகையில ஃபெயிலான வண்டியில அவங்களை எப்படி சார் ஏத்துவேன்?"

இதுதான் மக்களே அந்தப் பல்பு. ஆயிரம் வாட்ஸ்.

80ஜி பத்தி நான் வாயே திறக்கல. வீட்டுக்கு வந்து ஆடிட்டர் நண்பர்கிட்ட கேட்டா சிரிக்கறார். 80ஜி கழிவு பணமாக் கொடுத்தா மட்டும்தான். பொருளாக் கொடுத்தா கிடையாது, அது காரா இருந்தாலும் சரி, கம்பளியா இருந்தாலும் சரி. பணத்துலயும் 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் கொடுத்தா செல்லாது.

அமெரிக்காவுல மட்டும் எப்படின்னு குடைஞ்சேன். அங்க பெரும்பாலும் அந்த அறக்கட்டளைகள் வண்டியை வெச்சு ஓட்டறதே இல்லையாம். ஏலத்துல வித்து, வர்ற பணத்தைத்தான் எடுத்துக்கறாங்க. ஒரு காலத்துல ஓட்டை வண்டியைக் கொடுத்துட்டு, புத்தகத்துல போட்டிருக்கற சந்தை விலையைச் சொல்லி ஜனங்க வரிக்கழிவு வாங்கியிருக்காங்க. 2004-ல சட்டம் போட்டு, 2005 ஜனவரியிலேர்ந்து கதையை மாத்திட்டாங்க. 500 டாலருக்கு மேல கழிவு கேட்டா, வண்டி என்ன விலைக்குப் போச்சோ அவ்வளவுதான். அறக்கட்டளையே அதை வெச்சு உபயோகப்படுத்தினாலோ, ஏழைக்குக் கொடுத்தாலோதான் சந்தை விலை. ஆகமொத்தம் தம்பி கொடுத்தது கார் இல்ல, அதோட இரும்பு விலை. அவனுக்கே அப்பதான் புரிஞ்சது.

*

ராத்திரி சாப்பிடும்போது அம்மாகிட்ட நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "நசிகேதஸ் கதை தெரியுமில்ல?"ன்னாங்க.

அப்பாவும் அம்மாவும் மயிலாப்பூர்ல உபன்யாசம் ஒண்ணு விடமாட்டாங்க. கடோபநிஷத்துல வர்ற கதைதான். நசிகேதஸோட அப்பா யாகம் பண்ணி, இருக்கறதையெல்லாம் தானம் கொடுக்கறார். கொடுக்கற பசுக்களைப் பையன் பார்க்கறான். குடிக்க வேண்டிய தண்ணியைக் குடிச்சு முடிச்சு, தின்ன வேண்டிய புல்லைத் தின்னு முடிச்சு, கறக்க ஒண்ணுமில்லாத கிழட்டு மாடுங்க. இதைக் கொடுத்தா அப்பாவுக்குப் புண்ணியமா வரும்னு பையனுக்குப் பதறுது. "என்னை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?"ன்னு கேட்டுக் கேட்டுத் தொளைக்கறான். அப்பாவுக்குக் கோபம் வந்து "எமனுக்குக் கொடுத்தேன் போ"ன்னுடறார்.

"நம்ம வீட்லயும் அதான் நடந்திருக்கு"ன்னாங்க அம்மா.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்காதேன்னு பழமொழி. வாங்கறவங்க பார்க்கக் கூடாது, சரி. கொடுக்கறவன் பார்த்துட்டுக் கொடுக்கணுமா இல்லையா? எனக்குப் பல்லு விழுந்தது தெரியும். டைரியில 2006-லேர்ந்து கணக்கே இருக்கு. தெரிஞ்சும் "சின்ன ட்யூனிங் வேலை"ன்னு சொன்னவன் நான்.

"நீயும் அம்மா அம்மான்னு வண்டியைத் தடவிட்டிருந்தே, நானும் ஒண்ணும் சொல்லல"ன்னு அம்மா தட்டை எடுத்துட்டு எழுந்தாங்க. "ஞாயித்துக்கிழமை நீ ஸ்டார்ட் பண்றப்போ நான் ஏன் ஜன்னலைச் சாத்தறேன்னு நினைச்சே? எனக்கு இருமல் வருது. உன்கிட்ட எப்படிச் சொல்றது, அப்பா வண்டின்னு ஆசையா பண்றே."

எனக்கு அவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு வண்டி. அவங்களுக்கு என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ஜன்னல். நடுவுல நாலு வருஷம் அந்தப் புகை.

*

அப்புறம் வேலை மளமளன்னு நடந்தது. புதுப்பேட்டையில விட்டா இன்னும் ரெண்டு ஆயிரம் ஜாஸ்தி கிடைக்கும்னார் பாய். கூவம் கரையோரம் கதவு ஒரு கடை, இன்ஜின் ஒரு கடை, சீட்டு ஒரு கடைன்னு பிரிச்சு வித்து, எத்தனையோ வண்டிக்கு மறுஜென்மம் கொடுக்கற இடம். எனக்கு அந்த இடத்து மேல மரியாதை உண்டு, காலேஜ் படிக்கறப்போ என் ஸ்கூட்டருக்கே அங்கதான் கார்புரேட்டர் வாங்கினேன். ஆனா ஆர்.சி. அம்மா பேர்ல உயிரோட இருக்கும்போது வண்டியை முழுசாக் கைமாத்த பயம். பதிவேட்டுல யார் பேர் இருக்கோ அவங்கதான் ஓனர், விபத்து நடந்தா நஷ்டஈட்டுக்கு அவங்கதான் பொறுப்புன்னு 2018-ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. வித்துட்டேன், கொடுத்துட்டேன்னு வாயால சொன்னா எடுபடாது. தானத்துக்கும் அதே கதிதான்.

அதனால 2021 விதிகள்படி அங்கீகாரம் வாங்கின வண்டி உடைப்பு மையத்துக்குப் போனோம். அபராதம், கடன் பாக்கி ஏதாவது இருக்கா, திருட்டு வண்டியான்னு கம்ப்யூட்டர்ல பார்த்தாங்க. வண்டியை ஒப்படைச்சதுக்கு ஒரு சான்றிதழ். அதை வெச்சுப் புது வண்டி வாங்கினா சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரைக்கும் சாலை வரிச் சலுகைக்கு மத்திய அரசு விதியில வழியிருக்கு. நாங்க வாங்கப் போறதில்ல.

கிடைச்ச பணம் 17,500.

இழுத்துட்டுப் போற வண்டி வந்த அன்னிக்கு அம்மா வாசல்ல வந்து நின்னாங்க. நான் பயந்த மாதிரி அழல. டாஷ்போர்டுல இருந்த குட்டிப் பிள்ளையாரை எடுத்துக்கிட்டாங்க. நான் டைரியை எடுத்துக்கிட்டேன். லாரி முனை திரும்பற வரைக்கும் நின்னுட்டு, "காபி போடட்டுமா?"ன்னு உள்ளே போயிட்டாங்க.

அடுத்த வாரம் அடையாறு இல்லத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தடவை முதல்லயே, "உங்களுக்கு என்ன தேவை?"ன்னு கேட்டேன். மூணு வாரம் முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பாட்டிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வழக்கமா ஒரு ஆட்டோக்காரர் வர்றாராம், மாசம் 2,000 ரூபாய் கிட்ட ஆகுதாம். கணக்குப் போட்டுப் பார்த்தா எட்டு மாசத்துக்கு மேல வரும். அம்மா கையால செக் கொடுத்தாங்க. ரசீது வந்தது, 80ஜி நம்பரோட. :-)

ஆட்டோ கேஸ்ல ஓடற வண்டியான்னு அம்மா கேட்டாங்க. ஆமாம்னாங்க அந்த அம்மா.

இப்போ ஷெட்டு காலியா இருக்கு. தரையில ஆயில் கறை மட்டும் போகல, ரெண்டு தடவை சோப்புத்தூள் போட்டுத் தேச்சாச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஜன்னல் திறந்திருக்கு. டைரியில அந்த நாலு சீட்டையும் நான் கிழிக்கல, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். கீழே 4.8 போட்ட சீட்டைத் தேதியோட பின் பண்ணி வெச்சிருக்கேன்.

பி.கு: உங்க வீட்லயும் இப்படி ஒரு கிழவன் நின்னுட்டிருந்தா, முதல்ல ஆர்.சி. யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. போனவங்க பேர்ல இருந்தா வாரிசு பேருக்கு மாத்துங்க. யாருக்காவது கொடுக்கறதா இருந்தா 29, 30 படிவத்தை முடிச்சுட்டு அப்புறம் சாவியைக் கொடுங்க. புகைச் சீட்டை வண்டியைக் காட்டியே வாங்குங்க. இதைச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லதான், இருந்தாலும் சொல்லி வெக்கறேன்.